அக்கரைக்கு ஒரு பொட்டலம்

என் வீட்டுக்காரர் ரங்கூனில் கடை வைத்திருந்தார். அங்கே சண்டை மூண்டு அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோன பிறகு வந்த கோடை அது. வெயில் தாங்காமல் பிள்ளைகள் இரண்டும் துவண்டுபோயின. கொழுந்தனார் கூண்டு வண்டி கட்ட, திருமயத்துப் பக்கமிருந்து மீமிசலுக்குப் போய்க் கடலோரப் பனந்தோப்பில் தங்கினோம். கல்லைக் கூட்டிச் சமையல், வண்டிக்கடியில் படுக்கை.

பிள்ளைகள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அப்பச்சி எங்கே என்று தகப்பனாரைக் கேட்கும்போதெல்லாம் "அக்கரையில" என்றுதான் சொல்லி வளர்த்திருந்தேன். சின்னவனுக்குத் தெரிந்த தண்ணீர் எங்கள் ஊருணி ஒன்றுதான். தன் பங்குப் பணியாரத்தைத் தின்னாமல் இலையில் மடித்துக்கொண்டு கரையில் போய் நின்றான்.

"அக்கரையக் காணோமே ஆத்தா?"

தோணியைத் தள்ளிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் திரும்பினார்.

"யாருக்கு ராசா அது?"

"அப்பச்சிக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இங்கிட்டு குடு. அக்கரைக்குப் போற தோணி எதுக்க வந்தா குடுத்துவிடுறேன்" என்று வாங்கி, நனையாமல் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மீனோடு திரும்பியவரிடம் சின்னவன் ஓடினான். "போயிருச்சு ராசா" என்றார் அவர். பையன் குதித்துக்கொண்டு வந்தான்.

பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று சாயங்காலம் என் பங்குப் பணியாரத்தை இலையில் மடித்து எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன்.

"குடுங்க ஆச்சி" என்று மட்டும் சொல்லி, வாங்கித் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

தோணி புள்ளியாகும் வரை கரையிலேயே நின்றேன். அக்கரை தெரிகிறதா என்று நானும் பார்த்தேன்.