நசீமாவின் ரத்தத்தில் வராத நிறம்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறப் போகும்போது நசீமாவின் தங்கை போனில் கூப்பிட்டாள். "அக்கா மௌத்தாயிட்டாங்க, ராஜிக்கா. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னாடியே அடக்கத்துக்கு எடுத்துருவாங்க. வந்துருங்க." மலைக்கோட்டை வரை நின்றுகொண்டே போனேன். இருக்கை காலியாக இருந்தது என்று இறங்கிய பிறகுதான் உறைத்தது.

நசீமாவை அறிந்து இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரது ஆய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலேரியாவே வராதவர் ரத்தத்திலும் அதை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இயல்பாகவே கொஞ்சம் இருக்கின்றன. அவை எப்படி அதை அடையாளம் காண்கின்றன என்பதே எங்கள் இருவரின் வேலை. "பாக்காத எதிரியையும் நம்ம ரத்தம் கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருக்கு ராஜி," என்பார். முதலில் சோதித்தது அவருடைய ரத்தத்தைத்தான். புரதம் பூசிய தட்டின் சிறு குழியில், ஆன்டிபாடி இருந்தால் மட்டும் வரும் மஞ்சள் நிறம் பளிச்சென்று வந்தது. அன்று துறை முழுவதற்கும் டீ வாங்கித் தந்தார்.

பிறகு அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆன்டிபாடிகளைத் தரும் அணுக்களே கெட்டிருந்ததால் மருந்து அவற்றை அழித்தது. சிகிச்சைக்கு நடுவே ஒருநாள் தன் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

"போட்டுப் பாருங்க."

"இப்ப எதுக்கு நசீமா?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

மற்றவர்கள் ரத்தம் இட்ட குழிகளெல்லாம் மஞ்சளாயின. அவருடையது தண்ணீராகவே கிடந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்," என்றேன்.

"வராது. உங்களுக்கும் தெரியும்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லாம நான் என்ன பண்ணுவேன், ராஜி?"

மறுபடி போட்டேன். அப்போதும் வரவில்லை.

பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை ஏற்றினார்கள். அதையும் மீறி, உங்களையும் என்னையும் இரண்டு நாள் இருமவைத்துப் போகிற சளிதான் அவரைக் கொண்டுபோனது. கடைசியாகப் பார்த்தபோது முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்: "அந்தக் குழிய நோட்டுல எழுதினீங்களா?"

"இல்ல."

"எழுதுங்க. வராததும் ரிசல்ட்தான்."

நேற்று எழுதினேன். பெயரில்லாமல், பூஜ்ஜியம் என்று. எழுதியதால் எதுவும் ஆறவில்லை. கைக்குள் இருந்த அறிவு அவருக்கு ஒரு நாளைக்கூடக் கூட்டித் தரவில்லையே என்ற ஆத்திரம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: பிடிக்காத விடையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்ற அந்த உறுதி. எனக்கு அது இன்னும் கைவரவில்லை.