பதினான்கு மோட்டார் கணக்கு

எதையும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்துப் பயப்படுவது என் கூடப்பிறந்த குணம். எட்டாவது முழுப் பரீட்சைக்கு முன்னால் ஐந்து பாடப் புத்தகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரம் பார்த்தேன். அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. வீட்டில் சும்மா விடுவார்களா? அம்மாவின் தம்பி, என் மாமா, விழுப்புரத்தில் ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் தொழில் பழக என்னை ஒப்படைத்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. காலையில் எங்கள் ஊர் கெடாரில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்புவேன். கரண்டைப் பற்றி நான் முதலில் கற்றது அதற்குப் பயப்படுவது. அந்தப் பாடத்தில் மட்டும் மாமாவுக்கு என்மேல் குறையே இல்லை.

ஒருநாள் திண்டிவனத்தில் புதிதாகக் கட்டிய ஒரு லாட்ஜில் வேலை. அறை அறையாகப் போய் எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன், வெந்நீருக்கு என்ன என்றெல்லாம் எழுதி, கூட்டி, மாமாவிடம் நீட்டினேன். அவர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேலாக ஓர் எண்ணைப் பக்கத்தில் எழுதினார். அதற்குத் தகுந்த மெயின் ஒயரை வாங்கி வரச் சொன்னார். 

“மீதி எங்க மாமா?”

“மீதி எரியாது. ஒரே நேரத்துல அதிகமா போனா எவ்ளோ இழுக்கும், அதுக்குத்தான்டா ஒயரு. மேக்ஸிமம் டிமாண்டுன்னு பேரு.”

“எல்லாரும் ஒரே நேரத்துல சுச்சி போட்டுட்டா?”

“லாட்ஜுல தங்கறவன்லாம் சொல்லி வச்சிக்கினு ஒண்ணா குளிப்பானாடா? ஒருத்தன் தூங்கிக்கினு இருப்பான், ஒருத்தன் சினிமாவுக்குப் போயிருப்பான். ஜல்தி போய் வாங்கினு வா, பேஜாரு பண்ணாத.”

ஆனால் போட்டுவிட்டால்? அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நிலத்துக்குப் போகிற வழியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. நினைவு தெரிந்த நாளாகப் பார்த்த பொருள்தான். அன்றுதான் அதில் பெயிண்டால் எழுதியிருந்த எண்ணைப் படித்தேன். அறுபத்து மூன்று. அங்கிருந்து எந்தெந்தக் கிணற்றுக்குக் கம்பி போகிறது என்று எண்ணினேன். பதினான்கு கிணறு. ஒவ்வொன்றிலும் ஐந்து எச்பி மோட்டார். ஆக எழுபது. டிரான்ஸ்ஃபார்மரை அளக்கும் கணக்கு வேறு, மோட்டாரை அளக்கும் எச்பி கணக்கு வேறு என்பது எனக்குத் தெரியாது. எழுபது அறுபத்து மூன்றுக்குள் போகாது. நான் பயப்பட அது போதும்.

அப்போது எங்கள் மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், பூ முடிந்து விழுது இறங்குகிற சமயம். மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் இறக்கிப் பழுது பார்த்து ஏற்ற எத்தனை நாள் ஆகுமோ! அதற்குள் வெள்ளாமை போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். பெரியப்பாவிடம் சொன்னேன். பால் ஊற்ற வரிசையில் நின்ற சித்தப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாளில் கிணறு வைத்திருந்த ஒருவரையும் விடவில்லை. டீக்கடைக்காரருக்கும் ஒரு கிணறு உண்டு.

“இன்னாடா சொல்ற? எத்தினி மோட்டாருதான் தாங்குமாம்?” என்றார் அவர்.

“பன்னெண்டுங்க.”

“அப்ப கடைசியா போடறவனுக்கு?”

“கெடையாதுங்க.”

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அதுவரை, காலை ஆறு மணிக்கு மோட்டாருக்கான மும்முனைக் கரண்டு வந்தால் யாரும் ஓடியதில்லை. அப்பா முதலில் போவார். பெரியப்பா கேப்பைக் கூழைக் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டுக் கிளம்புவார். சித்தப்பா பால் ஊற்றித் திரும்ப வேண்டும். டீக்கடைக்காரர் காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு போய் மோட்டார் போடும்போது, அப்பா தண்ணீர் பாய்ச்சி முடித்து வேப்பங்குச்சியோடு திரும்பிக்கொண்டிருப்பார். யாரும் பேசிவைத்த ஏற்பாடு அல்ல. இத்தனை வருஷமாக அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றி வந்தது இந்தச் சாவகாசம்தான்.

புதன்கிழமை காலை டீக்கடை திறக்கவில்லை. பால் சொசைட்டியில் வரிசை இல்லை. பெரியப்பா கூழைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கே போய்விட்டார். எங்கள் கொட்டகையில் அப்பா பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பதினான்கு கொட்டகையிலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள். ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. அப்பா அழுத்தினார். மோட்டார் உறுமி, தண்ணீர் குழாய்க்கு ஏறுவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ‘டமார்’ என்று வெடித்தது.

ஃபியூஸ்தான். லைன்மேன் வந்து, கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டு மாற்றினார்.

“ஒத்தொத்தரா போடுங்கய்யா. கரண்டு இன்னா, எங்கயாவது ஓடியா போவுது?” என்று கத்தினார்.

எல்லாரும் தலையாட்டிவிட்டு அவரவர் கொட்டகைக்கு ஓடினார்கள். ஒருவரும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. இந்த முறை வெடிக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல், பிறகு கரும்புகை, கீழே மண்ணில் எண்ணெய்.

வேறு டிரான்ஸ்ஃபார்மர் வரப் பதினெட்டு நாள் ஆனது. அப்பாவும் அம்மாவும் குடம் குடமாகச் சுமந்து நாலு பாத்தியை நனைத்தார்கள். மற்ற இடமெல்லாம் மண் இறுகி, விழுதுகள் உள்ளே போக வழியில்லாமல் அந்தரத்தில் தொங்கிக் கருகின.

ஊரில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. “கொயந்தப் பையன், அப்பவே சொன்னான்யா!” என்றார்கள். டீக்கடைக்காரர் கூப்பிட்டு இரண்டு வடை கொடுத்தார். கருகிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவே, “அவன் கணக்கு தப்பாதுங்க” என்று லைன்மேனிடம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படி ஒரு மார்க் போட்டதில்லை.

சேதி கேட்டு மாமா வந்தார். நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“நீ யாரு யாருகிட்டடா சொன்ன?”

விரலை மடக்கி மடக்கிப் பெருமையாகச் சொன்னேன். பதினான்கு வந்ததும் மாமா அப்பா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை வரப்போரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பதினாலு பேருகிட்டயும் நீ போய் சொன்னத இனிமே எங்கயும் சொல்லிக்கினு இருக்காத. இன்னா?” என்றார்.

மேக்ஸிமம் டிமாண்டு என்று தான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று மாமாவுக்கு வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவர் மானத்தை நான் காப்பாற்றுவேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.