துரையின் ஈரத் தாடி

சலூன்காரருக்குச் சுத்தம் என்றால் உயிர். வந்தவர் நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் துடைப்பம் வந்து நின்றுவிடும். அந்தக் கடையில் அவர் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஜீவன், மூலைக் கூண்டில் இருந்த கினிப் பன்றி. பெயர் துரை. முடிவெட்டப் பயந்து அலறும் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவது துரையின் உத்தியோகம், சம்பளம் கேரட்.

ஒருநாள் துரையின் தாடைக்குக் கீழே ரோமம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. வேறு யாராவது என்றால் என்ன ஏது என்று யோசித்திருப்பார்கள். இவர் தொழில்காரர் ஆயிற்றே! தண்ணீர் குடிக்கும்போது நனைந்திருக்கும் என்று முடிவுகட்டி, துண்டால் ஒற்றி, சின்னக் கத்தரியால் நறுவிசாகத் திருத்திவிட்டார். மறுநாளும் ஈரம், மறுநாளும் அலங்காரம். துரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இப்படி ஒரு கஸ்டமர் கோடியில ஒருத்தன்" என்று பூரித்துப்போனார் மனிதர். அசையத் தெம்பில்லை என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

கடையை ஒட்டிய அறையில் தையல் மிஷின் வைத்திருந்த மனைவிக்குத்தான் முதலில் உறுத்தியது.

"என்னங்க, கேரட்டைப் பார்த்ததும் ஓடி வருது. வாயில வைக்குது, அப்புறம் கீழ போட்டுட்டுப் போயிடுது. பசி இல்லன்னா வரவே வராதே?"

"துரைக்கு ருசி கூடிப்போச்சு. வேற நல்லதா எடுத்து வை."

"வெள்ளரிக்காயிலகூட நடுவுல இருக்குற கொழகொழப்பை மட்டும் நக்குது. பல்லு வலியா இருக்குமோ?"

சலூன்காரர் விளக்கைக் கிட்டே இழுத்து, துரையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். "மேல ரெண்டு, கீழ ரெண்டு, எப்படி இருக்கு பாரு! நம்ம வீட்லயே இவனுக்குத்தான் நல்ல பல்லு."

மனைவி அவரை விலக்கிவிட்டு, துரையைக் கையில் தூக்கினாள். அவள் முகம் மாறியது.

"எலும்பு தட்டுப்படுது. நீங்க தாடியைத்தான் பாத்தீங்க, ஆளைப் பாக்கல. கடையைச் சாத்துங்க, கிளம்பலாம்."

விலங்கு மருத்துவமனையில் டாக்டரம்மா சின்னக் கருவி ஒன்றை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"முன்பல்லுல ஒண்ணும் இல்ல. உள்ள கடைவாய்ப்பல்லு வளந்து நாக்கை அமுக்கிட்டிருக்கு. மெல்லவும் முடியாது, எச்சிலை முழுங்கவும் முடியாது. அதான் தாடை ஈரம். மயக்கம் குடுத்துப் பல்லைத் தேய்க்கணும். ரொம்ப இளைச்சுப்போச்சு, தாங்குமான்னு என்னால சொல்ல முடியல."

சலூன்காரர் பழக்கத்தில் அந்த ஈரத்தை ஒற்றினார். டாக்டரம்மா தொடர்ந்தார்.

"இதுங்களுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளரும். காய்ஞ்ச புல்லை நாள் முழுக்க மென்னாதான் தேயும். புல்லு போடுறீங்கல்ல?"

போட்டுக்கொண்டுதான் இருந்தார். கூண்டிலிருந்து துரை இழுத்துப் போடும் புல், தரையெல்லாம் சிதறும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், "என்னண்ணே, முடியை அள்ளலையா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை பொறுக்காமல் புல்லை அடியோடு நிறுத்தி, கிண்ணத்தில் சிந்தாத தீனியாக வாங்கிப் போட்டார். டாக்டரம்மாவிடம் இதை ஒளிக்காமல் சொன்னார்.

துரையை உள்ளே கொண்டுபோனதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "வளருறதை வெட்டித்தானே நான் சோறு திங்கிறேன்... இது தெரியாமப் போச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துரை பிழைத்தது. கரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். பிறகு ஒரு காலை, கூண்டுக்குள்ளிருந்து 'நறுக் நறுக்' என்று புல் மெல்லும் சத்தம். சலூன்காரர் ஓடிப்போய்த் தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதற்கப்புறம் தினமும் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான்.

இப்போது கடைக்குப் போனால் காலில் புல் மிதிபடும். போன வாரம் அதே பழைய வாடிக்கையாளர் வந்து, மூக்கைச் சுளித்து, "என்னண்ணே, இன்னும் அள்ளலையா?" என்று உதவி செய்கிற நினைப்பில் துடைப்பத்தை எடுத்தார்.

"வை கீழ!" இன்னொருவர் கன்னத்தில் கத்தியோடு நின்ற சலூன்காரர் போட்ட சத்தத்தில் தையல் மிஷினே நின்றுவிட்டது. "அது என் பையன் சாப்பாடு!"

துரை கூண்டோரத்துக்கு வந்து ஒரு புல்லை உள்ளே இழுத்து, கடைசி வரை மென்று முடித்தது. பாதி மழித்த கன்னத்தோடு நாற்காலியில் இருந்தவர் அதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.