இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம் தடவை

கேமராவை விற்கப்போவதாக மாமா சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மாமா என்றால் என் அக்காவின் கணவர். மைசூர் அக்ரஹாரத்தில் அவருக்குப் பட்டுச் சேலைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அந்த அறையில்தான் நான் நாலு வருஷமாகச் சேலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்து வாங்குகிறவர்களைவிடப் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்ட காலம்.

"புதுசு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேம்மா," என்றார் மாமா. "பழசை விக்கறதுக்கு ஒருத்தர்கிட்டச் சொல்லிப் போன்ல விளம்பரம் போட்டேன். கேக்கறவங்க எல்லாம் ஒரே கேள்வி கேக்கறாங்க. ஷட்டர் கவுண்ட் எவ்வளவுன்னு. அது என்ன, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் ஒரு மெல்லிய திரை திறந்து மூடும், அதுதான் ஷட்டர், இத்தனை தடவைக்கு மேல் அது தாங்காது என்று ஒரு கணக்கு உண்டு, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பதைப் போலத்தான் இதுவும் என்று சொன்னேன்.

"அப்படின்னா நம்முது கம்மியாத்தான் இருக்கும்," என்றார். "ரூமை விட்டு வெளியவே போகலையே. வெயில் இல்ல, மழை இல்ல, தூசி இல்ல. புதுசு மாதிரிதான்."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தார்.

மேலே போனேன். அந்த அறைக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. காலை வெளிச்சம் ஒரு நிறம், சாயங்கால வெளிச்சம் ஒரு நிறம் என்று சேலையின் நிறம் மாறித் தெரிந்ததால், முதல் வாரமே நானே கறுப்புத் துணி வைத்து அதை மூடியிருந்தேன். இரண்டு பெரிய விளக்குகள், வெள்ளைத் திரை, சேலை கட்டிய பொம்மை ஒன்று. பொம்மைக்குத் தலை கிடையாது. முழுச்சேலை, முந்தி, கரை, உடல், கொசுவம், ரவிக்கைத் துணி என்று ஒரு சேலைக்கு ஆறு படம். ஒரு நாளைக்கு முப்பது சேலை.

கேமராவில் கடைசிப் படத்தின் எண் 7489 என்று இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வந்ததும் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். அப்படித் திரும்புவதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. உண்மையான எண்ணிக்கை ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதைப் படித்துச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. கடைசிப் படத்தை மடிக்கணினிக்கு மாற்றி ஒரு தளத்தில் ஏற்றினேன். ஒரு பாக்குநிறச் சேலையின் கரை. சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு வந்தது: 2,17,468.

முதலில் தவறு என்று நினைத்தேன். அதற்கு முந்தின படத்தை ஏற்றினேன். ஒன்று குறைந்து அதே எண் வந்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நூற்றெண்பது, வருஷத்துக்கு முந்நூறு நாள், நாலு வருஷம். சரியாகத்தான் இருந்தது. இருபத்தொரு தடவை ஒன்றுக்குத் திரும்பியிருக்கிறது.

அந்த இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்தில் சேலை இல்லாத படங்கள் எத்தனை என்று யோசித்தேன். பதினொன்று. இரண்டாவது வருஷம் ஒரு சாயங்காலம் கேமராவோடு மொட்டை மாடிக்குப் போய், எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கைகளை எடுத்தேன். மாமா பார்த்துவிட்டு, "கடைக் கேமராம்மா, கீழ விழுந்துட்டா கஷ்டம்," என்று மென்மையாகத்தான் சொன்னார். நான் மறுபடி எடுத்துக்கொண்டு போகவில்லை.

எங்கள் அப்பா ரயில்வேயில் இருந்தவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தேன். கொரோனா சமயத்தில் அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். "கொஞ்ச நாள் இங்க வந்து இரு," என்று அக்கா கூப்பிட்டாள். வந்தேன். மாமா ஒரு நாளும் என்னை வேற்றாளாக நடத்தியதில்லை. எனக்குப் பிடிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அவரே போய் மைசூர்பாகு வாங்கி வருவார். மாடியில் நான் செய்வதை யாரும் வேலை என்று சொல்லமாட்டார்கள், கடைக்கு ஒத்தாசை என்பார்கள். வேலை என்றால் விட்டுவிட்டுப் போகலாம். ஒத்தாசையை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழே வந்து மாமாவிடம் எண்ணைச் சொன்னேன். அவர் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருக்காது. நீ தப்பாப் பாத்திருப்ப."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் மாமா."

"இவ்வளவுன்னு போட்டா யாரும் வாங்கமாட்டாங்களே." கொஞ்சம் யோசித்தார். "நாப்பதாயிரம்னு போட்டுடு. நல்லாத்தான ஓடுது? யாரு உள்ள போய்ப் பாக்கப் போறாங்க?"

விளம்பரத்தைத் திருத்தியது நான்தான். அவருக்கு அந்தச் செயலியில் தட்டச்சு செய்ய வராது. நாற்பதாயிரம் என்று என் விரலால் அடித்தேன். அடிக்கும்போது எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் கூப்பிட்டார். விளம்பரத்தைத் திருத்தியபோது என் எண்ணையே போட்டிருந்தேன், இனிமேல் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பள்ளிக்கூட ஆசிரியை என்றார், கன்னடத்தில் பேசினார். ஆற்றோரப் பறவைகளைப் படம் எடுக்க ஆசையாம், முதல் கேமராவாம். விலை பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பறீங்களா? எதையும் மாத்தாம, எடுத்தபடி."

எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "போட்டோதான, நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பு. அந்த மயில்கழுத்து நிறச் சேலையை எடு," என்றார்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. போனில் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும், உள்ளே எழுதியிருக்கும் எண்ணிக்கை அழிந்துபோகும். கோப்பாக அனுப்பினால் எல்லாம் அப்படியே போய்ச் சேரும். படமாக அனுப்பிவிட்டு, அவர் கேட்டால், தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்லலாம். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள்.

மயில்கழுத்துச் சேலையைப் பொம்மைக்குக் கட்டினேன். பிறகு ஏனோ அவிழ்த்துவிட்டேன். கதவுக்குப் போய் முதுகைச் சாய்த்து நின்று, அறையையே எடுத்தேன். வெறும் பொம்மை, இரண்டு விளக்கு, மடித்து அடுக்கிய சேலைகள், கறுப்புத் துணி மூடிய ஜன்னல். நான் தினமும் எட்டு மணி நேரம் இருந்த இடத்தை அதற்கு முன்னால் எடுத்ததே இல்லை. திரையில் பார்த்தபோது இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

அதைக் கோப்பாக அனுப்பினேன். அழித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"விளம்பரத்துல நாப்பதாயிரம்னு இருக்கு. நீங்க அனுப்பினதுல ரெண்டு லட்சத்துக்கு மேல காட்டுது. எது சரி?"

"ரெண்டாவது சரி மேடம்."

"நாப்பதாயிரம்னு யாரு போட்டாங்க?"

"நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்புறம் ஏன் இதை அனுப்பினீங்க?" என்று கேட்டார். நீங்கள் கேட்டீர்களே என்று மட்டும் சொன்னேன்.

"இவ்வளவு என்ன எடுத்தீங்க?"

"சேலை."

"சேலை மட்டுமா?"

"சேலை மட்டும்தான்."

"இந்த ரூம்லயா?"

"ஆமாம் மேடம்."

"அய்யோ பாவம்," என்றார் மெதுவாக. கேமராவைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்று வரை தெரியாது. பிறகு, எனக்கு வேண்டாம், உண்மையைச் சொன்னதுக்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது மாமாவிடம் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட அது மேல் என்று தோன்றியது. அக்கா சாதத்துக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. குரலும் உயரவில்லை.

"தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

"தெரிஞ்சேதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அக்கா என் பக்கம் திரும்பி, "வீட்டுக்குள்ளயே இப்படிச் செஞ்சா எப்படிடீ," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. மாமா கத்தியிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது.

மூன்று நாள் அவர் என்னிடம் அவசியத்துக்கு மேல் பேசவில்லை. நாலாவது நாள் விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னார். "விக்க வேண்டாம். புதுசும் வேண்டாம். இதே ஓடற வரைக்கும் ஓடட்டும்." கோபமாகச் சொல்லவில்லை, தீர்மானமாகச் சொன்னார். நான் எடுத்துவிட்டு மேலே போய் விளக்கைப் போட்டேன். அன்றைக்கும் முப்பது சேலை.

அதற்குப் பிறகுதான் அறை எனக்குத் தாங்கமுடியாததாக ஆனது. முன்னால் அது வெறும் அறை. இப்போது ஒவ்வொரு சொடுக்கும் எண்ணாகக் காதில் விழுந்தது. ராத்திரி சாப்பிடும்போது அன்றைய நூற்றெண்பதைக் கூட்டிக்கொண்டிருப்பேன். ஷட்டர் எப்போது போகும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். அது போனால் எனக்கு என்ன நடக்கும் என்று நினைத்தேனோ தெரியாது.

ஏழு மாதம் கழித்துப் போனது. கல்யாணப் பருவம், ஒரு சிவப்புக் கூறைச் சேலையின் முந்தி. வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக ஏதோ உராய்கிற சத்தம், திரையில் பிழை என்று ஒரு செய்தி. அணைத்துப் போட்டேன், மறுபடி அதே. கீழே போய்ச் சொன்னேன். "பெங்களூருக்கு அனுப்பிடலாம், உள்ள புதுசு மாத்துவாங்க," என்றார் மாமா. பதினொரு நாள் ஆகும் என்றார்கள்.

பதினொரு நாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் அக்காவுக்குச் சமையலில் உதவப் போய் அவளுக்கு இடைஞ்சலாக இருந்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். அந்த ஆசிரியையைப் பார்க்க அல்ல. அவர் வீடு எனக்குத் தெரியாது. காவிரிக் கரையில் படியில் உட்கார்ந்தேன். யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைப் பறவை பாறைமேல் அசையாமல் நின்றது. அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது எல்லாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல் ஆகிவிட்டது. வெயிலில் கண் கூசியது. இங்கே எனக்கு என்ன வேலை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரை இருக்கலாம் என்று வந்தவள் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏனாயித்தும்மா," என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். ஒன்றுமில்லை, கண்ணில் தூசி என்றேன். அறையை யாரும் வெளியிலிருந்து பூட்டியிருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. தெரிந்ததால் சுலபமாகிவிடவில்லை. இன்னும் கஷ்டமாகத்தான் ஆனது.

கேமரா வந்த அன்று மாமாவிடம் பேசினேன். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

"மாமா, இனிமே மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான் எடுப்பேன்."

"உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"முடியல மாமா."

அவர் கல்லாப்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "மீதிய யாரு எடுப்பா?"

"எனக்குத் தெரியல."

இவ்வளவு நாளில் அவரிடம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நான் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை. வழக்கமாக நானே ஏதாவது வழி சொல்லிவிடுவேன். கடைசியில், "சரி, பாக்கலாம்," என்றார். அவர் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். ஆனால் மறுநாள் ஒரு மணிக்கு நான் விளக்கை அணைத்துவிட்டு இறங்கி வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மத்தியானத்துக்கு மேல் அவரே போய் எடுக்கிறார். நன்றாக வருவதில்லை. கரை கோணலாக இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் எழுதுகிறார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள். நான் கீழே உட்கார்ந்திருப்பேன். வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட்டேன், இன்னும் பதில் இல்லை. சில நாள் நூலகம் வரை நடந்துவிட்டு வருகிறேன், மூன்று மணி வரை இருக்கப் பழகியிருக்கிறேன். சில நாள், மேலே அவர் பொம்மையை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்கும்போது, கால் தானாக மாடிப்படிக்குப் போய்விடுகிறது. போன வாரம் ஒரு நாள் ஆறு படி ஏறிவிட்டேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.