கழுவி வைத்த எஞ்சின்

மூன்று வாரமாக என் பழைய ராஜ்தூத் பைக்கின் எஞ்சினைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் முன்னறையில் பத்தமடைப் பாய்மேல் அடுக்கி வைத்திருந்தேன். வேறு எதிலும் குறித்து வைக்கவில்லை. அந்த வரிசைதான் எனக்கு எல்லாமே.

இன்று மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்பது மறந்தே போனது.

வேலை முடிந்து வந்தால், அதே பாயில் ஆறு பேர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுக்களையில் என் மனைவி கிசுகிசுத்தாள். “பதறாதீங்க. ஒண்ணுகூட தொலையல. எல்லாத்தையும் சோப்பு போட்டுக் கழுவி வச்சிருக்கேன். ஒரே அழுக்கா கெடந்துச்சுல்லா?”

இட்லிக் கொப்பரை நிறைய என் எஞ்சின் பளபளத்தது. வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை. முன்னறையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

மனைவி இதையே ஜெபக் குறிப்பாகவும் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா உருக்கமாக வேண்டினார். “ஆண்டவரே, இந்தத் தம்பி வண்டியை மறுபடி பூட்டி முடிக்க ஞானத்தைக் கொடும்.”

எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.

மேலிருந்து பதில் வரக் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரைக்கும், ஒரே மாதிரி இருக்கிற இந்தப் பதினோரு போல்ட்டில் எது எங்கே போகும் என்று தெரிந்த புண்ணியவான்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.