ஆண்டாப் ஹில்லில் என் பேரில் ஒரு ரூம்

தாராவியில் காலையில் தண்ணீர்க் குழாயடிக்குப் போனால், புதிதாக வந்த பெண்ணிடம் யாரும் எந்த வீட்டு மருமகள் என்று கேட்பதில்லை. "காம் க்யா கர்தீ ஹை?" என்றுதான் கேட்பார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று. தென்காசிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், பக்கத்து ரூம் மராட்டிக்காரி சுனந்தா என்னிடம் இதைக் கேட்டாள். தெரிந்த நாலு இந்திச் சொல்லைக் கூட்டி, என் வீட்டுக்காரர் குர்லாவில் லேத் பட்டறையில் இருக்கிறார் என்றேன். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "உஸ்கா நஹீ, தேரா!" என்றாள். அவருடையதைக் கேட்கவில்லை, உன்னுடையதைக் கேட்டேன். அடுத்த வாரமே தான் வேலை பார்த்த பை தைக்கிற பட்டறைக்கு இழுத்துப்போய் ஜிப் மெஷின் முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டாள்.

சில வருஷத்தில் சொந்த மெஷின் வாங்கினேன். இப்போது என்னிடம் மூன்று பெண்கள் தைக்கிறார்கள். ஆனால் முதலில் சேர்ந்த பணம் முழுக்க ஊருக்குத்தான் போனது. மாமனார் மனையில் எங்களுக்கென்று மாடியில் ஒரு ரூம் கட்டினார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆசையாகப் போய் இறங்கினால், மாடியில் பூட்டு. புருஷனோடு அந்த வீட்டிலேயே இருக்கிற என் வீட்டுக்காரரின் அக்கா, "ரூம் ஒங்களுக்குத்தான், ஆரு இல்லன்னா? நெல்லு மூடை கெடக்கு, அதான் தெறக்கல" என்றார். கொடை முடியும்வரை கீழே ஒன்பது பேருக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்தோம். மூட்டைகள் மாடியில் காற்றோட்டமாகத் தூங்கின. திரும்பி வரும் ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். இனி ரூம் என்றால் மும்பையில், என் பேரில்.

ஆண்டாப் ஹில்லில் ஒரு ரூம் விலைக்கு வந்தது. புரோக்கர் எங்களை ஏற இறங்கப் பார்த்து என்னிடம், "ஆப் கர்வாலீ?" என்றார். கர் என்றால் வீடு என்று எனக்குத் தெரியும். அப்படியானால் கர்வாலி என்பது வீட்டுக்குச் சொந்தக்காரியாகத்தானே இருக்கவேண்டும்? "ஹாங், மை ஹீ கர்வாலீ!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இந்தியில் அதற்குப் பெண்டாட்டி என்று அர்த்தம். புரோக்கர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நாற்காலி, டீ, பத்திரக் காகிதம், பேனா எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். என் வீட்டுக்காரருக்கு ஒரு குணம், பயந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார். டீயைக்கூடத் தொடாமல் எழுந்து நின்று, "பைசா இஸ்கா. மை காலீ சாத் மே ஆயா" என்றார். காசு இவளுடையது, நான் சும்மா கூட வந்தேன். புரோக்கர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். நாற்காலி என் பக்கம் வந்தது. டீயும் வந்தது, ஆறிப்போய்.

சேதி ஊருக்குப் போன அன்றே போன் அடித்தது.

"ஏட்டி பேச்சி, ஆம்பள இருக்கையில ஒம் பேருல என்னட்டி பத்திரம்? நாளைக்கி எந் தம்பிய வெளிய தள்ளிட்டேன்னா?"

"தள்ள மாட்டேன் மதினி. அவுக இல்லாம மேல் பலகையில இருக்க டப்பாவ ஆரு எடுத்துத் தருவா?"

மதினி போனை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரரிடம் ஒரு மாற்றம் வந்ததைச் சொல்லவேண்டும். பதினெட்டு வருஷம் முதலாளி முன்னால் வாய் திறக்காத மனுஷன், ஓவர்டைம் சம்பளம் கொடு என்று முதல்முறையாகச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். "வேலை போனாப் போவட்டும், எம் பொண்டாட்டிக்கு வீடு இருக்குன்னு சொல்லிட்டேன்!" என்றார். வேலை போகவில்லை. சம்பளமும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து மதினி மறுபடியும் அழைத்தார். குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"ஏட்டி, பொம்பள தனியா பேங்குல கணக்கு தொடங்குனா, வீட்டுக்கு லெட்டர் வருமா?"

"லெட்டர் எதுக்கு மதினி? போனுக்கு மெசேஜ்தான் வரும்."

"போனு ஒங்க அண்ணாச்சி சட்டைப் பையிலல்லாட்டி இருக்கு! அவுக குளிக்கப் போன நேரத்துல பேசுதேன்."

சிரிக்கத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. ஐந்து மாடு வளர்த்து விடியுமுன் பால் கறக்கிற பெண். பால் காசு ஒருநாளும் அவர் கைக்கு வந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை ஊருக்குப் போகையில் ஒரு சின்ன போன் வாங்கிப்போனேன். இருவரும் பேங்குக்குப் போனோம். படிவத்தில் கையெழுத்துப் போட மதினிக்கு அரைமணி நேரமாயிற்று. ரசித்து ரசித்துப் போட்டார். இப்போது இரண்டு மாட்டுப் பால் காசு அவர் கணக்கில் விழுகிறது. மற்ற மூன்றைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. மாடி ரூம் மட்டும் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

போன மாதம் எங்கள் வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுத ஒரு பெயிண்டர் வந்தார். மேலே மராட்டியிலும் கீழே தமிழிலும் என் பெயரை எழுதச் சொன்னேன். தமிழ் அவருக்குத் தெரியாது. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்தவர், ச் மேலிருந்த புள்ளியை அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டார். மராட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்த என் மகளைக் கூப்பிட்டு மேல்வரியை வாசிக்கச் சொன்னேன்.

"கரெக்டா இருக்கும்மா."

"கீழ உள்ளது?"

"அது எனக்கு எங்க தெரியும்?"

சரியாக எழுதியிருக்கிற என் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. என்னால் வாசிக்க முடிகிற வரியில் 'பேசசியம்மாள்' என்று யாரோ ஒருத்தி இருக்கிறாள். ஓரத்து அழுக்கை மட்டும் துடைத்து, இரண்டு பேரையும் அப்படியே வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போனேன், தைக்க வேண்டியது நிறைய இருந்தது.