போத்தலில் வராத நீலப் பொட்டு

நான் மூன்றாவது பெண். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அத்தை ஒருவர் போதும். அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தபோது, அப்பாவின் அக்காவான அவர் மாத்தளைக்கு வடக்கே இருக்கும் நாலந்தாவிலிருந்து ஒத்தாசைக்கு வந்து, ஒத்தாசையைத் தவிர எல்லாம் செய்தார்.

ஊரடங்கில் மாத்தளைப் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலம். பொழுது போகாமல், கொல்லையில் வற்றாளைக் கிழங்குக் கொடியில் வண்ணத்துப்பூச்சி இட்டிருந்த முட்டைகளை இலையோடு பறித்துப் போத்தலில் வைத்தேன். பாதிதான் பொரித்தன. மீதி கறுத்துப்போயின. அவற்றைக் கொட்டப் போன என்னை அம்மா தடுத்தாள்.

“பொரிக்காதத வீசிறாத. இருக்கட்டும்.”

இனியும் பொரிக்கும் என்று நம்புகிறாளே, பாவம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இந்த வகையில் ஆணுக்குக் கறுப்புச் சிறகில் நீலக்கரை போட்ட வெள்ளைப் பொட்டு இருக்கும், பெண் வெறும் மண்ணிறம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை அத்தையிடம் உளறினேன். நீலப் பொட்டு வந்தால் அம்மாவுக்குப் பையன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். போத்தல் சாமி விளக்கருகே போய், திருநீறும் பூசிக்கொண்டது. கந்தோர் வேலைக்குக் கிளம்பும் அப்பாகூட ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

புழுக்கள் கட்டிய கூடுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. மண்ணிறம். மறுபடியும் மண்ணிறம். கடைசிக் கூட்டுக்கு வீடே சுற்றி நின்றது, இடுப்பைப் பிடித்தபடி அம்மாவும். அதுவும் மண்ணிறம்தான்.

“பூச்சிக்குக்கூட இந்த வீட்டுல ஆம்பளப் புள்ள தங்காது போல” என்றார் அத்தை, அம்மாவைப் பார்த்து.

அப்பா செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. நான் பெண்ணாகப் பிறந்தது போதாதென்று ஒரு போத்தல் நிறையப் பெண்களைக் கொண்டுவந்து அம்மாவைத் தலைகுனிய வைத்துவிட்டேன். அவள் போத்தலை ஜன்னலுக்கு எடுத்துப்போய்த் திறந்தாள். பிறகு தங்கை பிறந்தபோதும் அந்தக் கூச்சத்தோடுதான் தொட்டிலைப் பார்த்தேன்.

சில பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருப்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். தாயின் முட்டை வழியாகத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆணால் அதற்குப் பயனில்லை. அதனால் ஆண் கருவை முட்டையிலேயே கொன்றுவிடும். அந்தக் கறுத்த முட்டைகள் நினைவுக்கு வந்தன. எங்கள் போத்தலிலும் ஆண்கள் இருந்திருப்பார்கள், பொரிக்காத பாதியில்.

விடுமுறைக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான், சின்னக்காவுக்கும் எனக்கும் நடுவே ஒரு பையன் வயிற்றிலேயே இறந்துபோனதைச் சொன்னாள். அத்தைக்கு அது தெரியும். அன்று போத்தலைச் சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.